பழுது பார்க்கும் கைகளை யார் வளர்ப்பது?

பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தினமும் பகல் இரண்டு, இரண்டரை மணிக்கு டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. இரவு ஷிஃப்டிலும் தொல்லை இல்லை. ஹெல்பர் ஓடிவந்து ஓவர்லோட் ரிலேயை ரீசெட் செய்கிறார். மோட்டார் கிளம்புகிறது, அரை மணி கழித்து மறுபடி நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். அடுத்து என்ன நடக்கும் என்பது தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். யாராவது ஒருவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ரிலேயின் ஆம்பியர் அளவைக் கொஞ்சம் மேலே திருப்பிவிடுவார். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. சில வாரங்களில் காயில் கருகி, மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகும்.

வேலை தெரிந்தவர் ரிலேயைத் தொடவே மாட்டார். முதலில் டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸிலும் மாட்டிப் பார்ப்பார். ஒன்றில் 14 ஆம்பியர், இன்னொன்றில் 17, மூன்றாவதில் 11. உள்ளே வரும் மின்னழுத்தத்தை அளப்பார். மூன்றும் சரியாக இருக்கும். அப்படியானால் குறை பேனலுக்குள்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் குறுக்கே மீட்டரை வைப்பார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் ஒரே ஒரு முனையில் மட்டும் ஐந்தாறு வோல்ட் காட்டும். பிறகு மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு கான்டாக்டரைத் திறப்பார். அந்த முனை குழி விழுந்து கறுத்துப்போயிருக்கும். மின்னழுத்தத்தில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு வரும். பகல் சூட்டில் பேனல் கொதிக்கும்போது ரிலே முன்கூட்டியே டிரிப் ஆகும். நேரம் பார்த்து நின்ற மர்மம் இவ்வளவுதான். சில நூறு ரூபாய் கான்டாக்ட் செட், அரை மணி நேர வேலை.

இந்த அரை மணி நேர வேலைக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருக்கிறது, அந்தப் பயிற்சியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியைத் தமிழ்நாடு இன்னும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்ளவில்லை. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் இயங்கும் மாநிலம் நம்முடையது. மில், பவுண்டரி, பம்ப் செட், கார், டயர், செல்போன் என்று நாள்தோறும் ஓடும் எந்திரங்களை நம்பித்தான் லட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அவற்றை ஓடவைத்துக்கொண்டிருக்கும் மெயின்டனன்ஸ் ஆட்கள் கிடைப்பதில்லை என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைப்பதில்லை என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது தன் வேலை இல்லை என்று ஒவ்வொரு தரப்பும் நினைப்பதால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன.

மெயின்டனன்ஸ் நன்றாக நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. உற்பத்தி எண்ணிக்கையைப் பலகையில் எழுதுகிறோம். நிகழாமல் தடுத்த பிரேக்டவுனை எந்தப் பலகையிலும் எழுத முடியாது. அதனால் செலவைக் குறைக்க நேரும்போது முதலில் கை வைக்கப்படுவது இந்தத் துறையில்தான். போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிர்பதன அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம், குழாய் மாற்றும் வேலைக்காகக் கழற்றிவிடப்பட்டிருந்தது. ஆலை கட்டப்பட்டபோது இந்தப் பாதுகாப்புகளெல்லாம் இருந்தன. தேவைப்பட்ட இரவில் அவை வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கில் மனிதர்கள் செத்தார்கள். 2020 மே 7ஆம் தேதி விசாகப்பட்டினத்தில், ஊரடங்கில் முடங்கிக் கிடந்த ஆலையின் ஸ்டைரீன் தொட்டி சூடேறி வாயு கசிந்ததிலும் குளிரூட்டும் ஏற்பாட்டின் குறை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது. ஆலைக்கு வெளியே வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குறைக்கு உயிரைக் கொடுத்தார்கள். ஆகவே பராமரிப்புத் தொழிலாளியின் திறமை முதலாளியின் லாபக் கணக்கோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை. வேலியைத் தாண்டி இருக்கும் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் திறமையை வளர்க்கும் பொறுப்பிலும் ஊருக்குப் பங்கு உண்டு என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவில் எடுத்த மின்சாரம் கோவைக்கு இறங்கிவந்தபோது மில்கள் பெருகின, கிணற்றில் பம்ப் ஏறியது. எந்திரம் வந்தால் பழுதும் வரும். வெளிநாட்டு மோட்டாரைப் பழுது பார்க்கப் பட்டறைகள் முளைத்தன, பழுது பார்த்த கைகளே பிறகு செய்யவும் தொடங்கின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று பெயர் பெற்றது. ஜி.டி. நாயுடுவின் பள்ளிப் படிப்பு சொற்பம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டவர் அவர். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது, பாடங்களை நான்கு வருடம் இழுப்பது மாணவர் காலத்தை வீணாக்குவது, இரண்டு வருடத்தில் செய்முறையோடு கற்றுக்கொடுத்துவிடலாம் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சொன்ன கால அளவு சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் எந்திரத்தைத் திறந்து பார்க்காமல் எந்திரம் படிக்க முடியாது என்ற அவருடைய பிடிவாதத்தை இன்றைக்கும் நாம் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அரசு தன் பங்குக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஐ.டி.ஐ.கள் வந்தன. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகள் இரண்டு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வரும். 2023இல் 71 அரசு ஐ.டி.ஐ.கள் சுமார் 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டு முயற்சியில் புதுப்பிக்கப்பட்டு, ரோபோவும் சி.என்.சி. எந்திரமும் அங்கெல்லாம் வந்து இறங்கின. பாட நூல்கள்கூடத் தமிழில் இருக்கின்றன. சென்னை கிண்டியில் இருக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் அவற்றைப் பல காலமாக வெளியிட்டு வருகிறது. கட்டடம், எந்திரம், புத்தகம், உதவித்தொகை என்ற நான்கு காலும் ஓரளவு நிற்கின்றன.

இல்லாதது பழுதுதான். இதைச் சற்று விளக்க வேண்டும். ஐ.டி.ஐ. செய்முறைக் கூடத்தில் மாணவர் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குப் பலகையில் வயரிங் செய்கிறார். கான்டாக்டர் புதிது, வயருக்கு நம்பர் டியூப் போட்டிருக்கிறது, டிராயிங் சுவரில் தொங்குகிறது. சரியாக மாட்டினால் மோட்டார் ஓடும், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். அதே மாணவர் முதன்முறையாக ஒரு ஸ்பின்னிங் மில்லில் பேனலைத் திறக்கும்போது உள்ளே பஞ்சுத் தூசு போர்வையாகப் படிந்திருக்கும். எந்த வயருக்கும் நம்பர் இருக்காது. பத்து வருடம் முன்பு யாரோ அவசரத்துக்குப் போட்ட ஜம்பர் வயர் ஒன்று டிராயிங்கில் இல்லாத இடத்துக்குப் போகும். பின்னால் நிற்கும் ஆள், "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வயரிங் தெரிவதற்கும் பழுது கண்டுபிடிப்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் இதுதான். எதை முதலில் சந்தேகிப்பது, எதை அளக்காமல் நம்பக் கூடாது, எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு, பழுதான எந்திரத்தின் முன்னால் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்றால்தான் படியும்.

இன்றைய எந்திரங்கள் அந்தத் தூரத்தை இன்னும் நீட்டியிருக்கின்றன. முன்பு ஃபிட்டர் வேறு, எலக்ட்ரீஷியன் வேறு. இன்று ஒரு கன்வேயர் நின்றால் காரணம் பேரிங்கில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், 24 வோல்ட்டில் வேலை செய்யும் விரலளவு சென்சாரின் கண்ணில் படிந்த எண்ணெயில் இருக்கலாம், எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.க்குப் போகும் வயரின் தளர்ந்த ஒரு திருகிலும் இருக்கலாம். எந்திரக்காரர் மின்காரரைக் கை காட்ட, மின்காரர் எந்திரக்காரரைக் கை காட்ட, லைன் நின்றுகிடக்கும். இரண்டு பக்கமும் தெரிந்தவர்தான் இப்போது தேவை. ஜெர்மனி இதற்கென்றே 1998இல் மெக்கட்ரானிக்ஸ் தொழிலாளி என்று ஒரு தனிப் பயிற்சியை உருவாக்கியது, மூன்றரை வருடம். அதில் எனக்குப் பிடித்தது பாடத்திட்டத்தைவிட அதை நடத்தும் முறை. பயிற்சி பெறுபவர் முதல் நாளிலிருந்தே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்குகிறார், இடையிடையே தொழிற்பள்ளிக்குப் போகிறார். முடிவில் அவரைச் சோதிக்கும் தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள், கூடவே தொழிற்பள்ளி ஆசிரியரும் உட்காருகிறார். "உங்கள் சான்றிதழை நம்ப முடியாது" என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது. மூவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ஆனால் அதற்கான துண்டுகள் நம் சட்டத்திலும் திட்டத்திலும் ஏற்கெனவே கிடக்கின்றன. ஐ.டி.ஐ. மாணவர் ஒவ்வொரு வருடமும் 150 மணி நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில் பணியிடப் பயிற்சி பெற வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. எட்டு மணி நேர ஷிஃப்டாகக் கணக்கிட்டால் பத்தொன்பது வேலை நாள்கூட முழுதாக வராது, ஏறக்குறைய மூன்று வாரம். இருந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்று வாரத்தில் ஒழுங்காக ஒரு மெயின்டனன்ஸ் குழுவோடு சுற்றினால் கண் திறந்துவிடும். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. மாணவர் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்கிறார், அல்லது வராமலேயே பதிவேட்டில் கையெழுத்து ஏறுகிறது. நிறுவனத்துக்கு அது தொல்லை தீர்ந்த மாதிரி, ஐ.டி.ஐ.க்கு அது கட்டம் நிரம்பிய மாதிரி. மாணவர் மட்டும் எதுவும் பார்க்காமல் வெளியே வருகிறார்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இன்னொரு துண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ்களை எடுக்க வேண்டும். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. எண்ணிக்கை நிரம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். நிரப்பிய அப்ரன்டிஸ்களில் எத்தனை பேர் மெயின்டனன்ஸ் குழுவில் கற்றுக்கொள்கிறார்கள், எத்தனை பேர் குறைந்த கூலிக்குக் கிடைத்த உற்பத்திக் கைகளாக லைனில் நிற்கிறார்கள்? எலக்ட்ரீஷியன் படித்த பையனை ஒரு வருடம் ஸ்க்ரூ முடுக்க வைத்துவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்வது நியாயமில்லை. அந்த ஒரு வருடத்தை வீணாக்கியது அவர் இல்லை.

முதலாளிகள் தரப்பு நியாயத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஐம்பது, அறுபது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவரிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "கத்துக் குடுத்தா அடுத்த மாசமே பெரிய கம்பெனிக்குப் போயிடறான் சார்." உண்மைதான். இரண்டு வருடம் ஒருவரை உருவாக்க ஆகும் செலவு இவருடையது. வளர்ந்த ஆளை இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்கிறவருக்கு அந்தச் செலவு இல்லை. இப்படி இருந்தால் யாரும் பயிற்சி தர மாட்டார்கள், எல்லோரும் பயிற்சி பெற்ற ஆளைத் தேடுவார்கள். ஒரே கிணற்றிலிருந்து எல்லோரும் இறைத்துக்கொண்டு, தூர் வார மட்டும் ஆள் வராத கதை இது. ஊதியத்தைக் கட்டுப்படுத்தியோ, பிள்ளைகளிடம் பாண்டு எழுதி வாங்கியோ இதைத் தீர்க்கக் கூடாது. வளர்ந்தவர் நல்ல சம்பளத்துக்குப் போவது அவருடைய உரிமை. செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் ஒரே வழி.

பகிர்ந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோவையின் சிறு பம்ப், மோட்டார் உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு பரிசோதனைக் கூடம் கட்ட முடியாது என்று தெரிந்து, அரசோடும் தங்கள் சங்கத்தோடும் சேர்ந்து சிட்டார்க் என்ற பொதுப் பரிசோதனை மையத்தை உருவாக்கிக்கொண்டார்கள். போட்டியாளர்கள் ஒரே கூடத்தில் தங்கள் பம்ப்பைச் சோதிக்க முடியுமென்றால், ஒரே பேட்டையில் இருப்பவர்கள் தங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களைச் சேர்ந்து பயிற்றுவிக்கவும் முடியும். அம்பத்தூரோ, ஓசூரோ, கோவை குறிச்சியோ, ஒரு பேட்டையில் இருபது யூனிட் சேர்ந்தால் போதும். ஆள்பலத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொருவரும் பொது நிதிக்குப் பணம் போடட்டும். பயிற்சி பெறுபவர்கள் எந்த ஒரு யூனிட்டுக்கும் சொந்தமில்லாமல் மூன்று மாதத்துக்கொரு முறை மாறிச் சுற்றட்டும்: ஓரிடத்தில் கம்ப்ரஸர், ஓரிடத்தில் இன்டக்‌ஷன் ஃபர்னேஸ், ஓரிடத்தில் ஹைட்ராலிக் பிரஸ், ஓரிடத்தில் பி.எல்.சி. லைன். எவர் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், அவருக்குப் பயிற்சி கொடுத்த செலவில் சேர்த்துக்கொண்டவருக்கும் பங்கு இருந்திருக்கும். பெரிய கார் கம்பெனிகளும் இந்த நிதியில் சேர வேண்டும். அவர்களுக்கு உதிரிபாகம் செய்து தருகிறவரின் எந்திரம் நின்றால் அவர்களுடைய லைனும்தான் நிற்கிறது.

மத்திய அரசு 2025இல் ஒப்புதல் அளித்த ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டம் இந்த இடத்தில் கைகொடுக்கலாம். ஐந்து வருடத்தில் 60,000 கோடி ரூபாய், 1,000 அரசு ஐ.டி.ஐ.கள். அதில் 10,000 கோடி தொழில்துறையின் பங்காக வர வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பங்கு முழுக்கக் கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் போய்விடாமல், ஷாப் ஃப்ளோரில் கற்றுக்கொடுக்கும் மூத்த தொழிலாளியின் நேரத்துக்குச் சம்பளமாகப் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு சீனியர் எலக்ட்ரீஷியன் பிரேக்டவுனுக்கு ஓடும்போது அப்ரன்டிஸைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை கொஞ்சம் தாமதமாகும். "நீ விலகு, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொல்வது மனம் இல்லாததால் இல்லை, அந்தத் தாமதத்துக்கு அவரைத்தான் திட்டுவார்கள் என்பதால். கற்றுக்கொடுப்பது அவருடைய வேலை நேரத்தின் ஒரு பகுதி என்று எழுத்தில் வந்தால் இது மாறும். தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம். இதுவரை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மூத்தவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. எந்த மோட்டார் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், எந்த வால்வை இரண்டு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது, எந்த பேரிங்குக்கு கிரீஸ் அதிகமானால் கொதிக்கும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. வழியனுப்பு விழாவில் சால்வையும் கடிகாரமும் கொடுத்து, அந்த அறிவை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஓய்வுபெற்றவர்களை வாரத்தில் இரண்டு நாள் மதிப்பூதியத்தோடு ஐ.டி.ஐ.க்கு அழைத்தால், ஆசிரியர் பற்றாக்குறையும் கொஞ்சம் தணியும், பழுதுகளும் வகுப்புக்குள் வரும். அவர்களிடம் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இருக்காதுதான். அவர்கள் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்பவர்களாக இருக்கட்டும்.

எந்தப் படிப்பும் இல்லாமல் பட்டறையிலேயே வளர்ந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. தமிழக அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை, வயரிங் தொழிலில் ஐந்து வருட அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள் எழுதலாம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அண்ணன் கூடவே போய் வேலை கற்றுக்கொண்டவருக்கு அது ஒரு வாசல். அதைப் பற்றி அவருக்குச் சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. எலக்ட்ரிகல் கடைக்காரர்களும் ரீவைண்டிங் சங்கங்களும் தங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினால்கூடப் பலருக்கு வழி திறக்கும்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இது பெருமைக்குரிய விஷயம். அவர்கள் எந்திரத்தை ஓட்டுகிறார்கள், பாகம் பூட்டுகிறார்கள், தரம் பார்க்கிறார்கள். எந்திரம் நின்றால் மட்டும் ஒதுங்கி நின்று, ஆண் ஒருவர் டூல் பாக்ஸோடு வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்த எந்திரத்தின் சத்தம் மாறுவதை எல்லோருக்கும் முன்னால் கேட்டவர் அவராகத்தான் இருப்பார். சத்தம், அதிர்வு, சூடு, வாசனை ஆகியவற்றைக் கவனித்துப் பழுதை முன்கூட்டியே பிடிப்பதுதான் இன்றைய பராமரிப்பின் உயிர். அந்தக் கவனிப்பு ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. மல்டிமீட்டரையும் மூன்று மாதப் பயிற்சியையும் அவர் கையில் கொடுக்க என்ன தடை? இரவு ஷிஃப்டுக்குப் பாதுகாப்பான வண்டி, மெயின்டனன்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை, உடம்புக்குப் பொருந்தும் அளவில் பாதுகாப்பு உடை, இவற்றைச் செய்து தருவது நிர்வாகத்தின் வேலை. "கரன்ட் வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்வது அந்த நிர்வாகத்தோடு நம் எல்லோருடைய வேலையும்தான்.

பெற்றோருக்கும் மனம் திறந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடன் வாங்கி, ஏதோ ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்து, நான்கு வருடம் கழித்துப் பட்டத்தோடு வேலையில்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து வேதனைப்படும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர், தமிழும் ஆங்கிலமும் தேர்வெழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். பாதை எங்கேயும் அடைபடவில்லை. பள்ளிகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஆசிரியர், கடைசி பெஞ்சுப் பையனை மிரட்டுவதற்காக ஐ.டி.ஐ.யின் பெயரைச் சொல்வதை நிறுத்தினாலே பாதித் தடை விலகிவிடும்.

பாதுகாப்பைத் தனி அத்தியாயமாகச் சொல்லித்தருவதை நான் ஏற்கவில்லை. இந்தத் தொழிலில் அது முதல் நாளிலிருந்து கையோடு வர வேண்டிய பழக்கம். மெயினை நிறுத்தினால் போதாது, பூட்ட வேண்டும், பூட்டின் சாவி உள்ளே வேலை செய்கிறவரிடம் இருக்க வேண்டும், "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டை தொங்க வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டருக்குள் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருந்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். இதையெல்லாம் மாணவர் தேர்வில் சரியாக எழுதிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், "பூட்டெல்லாம் எதுக்கு, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று மேலே இருப்பவர் சொன்னால் அவர் என்ன செய்வார்? இரண்டு வருடப் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் அழிந்துபோகும். பயிற்சி நிலையம் கற்றுத்தந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது தொழிற்சாலையின் கடமை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளுக்கும் அதே பூட்டு, அதே கையுறை, அதே அனுமதிச் சீட்டு கிடைக்க வேண்டும். உடம்பில் பாயும் மின்சாரம் யார் சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இத்தனை தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் புதிதாக ஓர் அமைப்பு தேவையில்லை. 2007-08இல் தொடங்கிய திட்டத்தில் நாடு முழுக்க 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்கப்பட்டு, தொழில்துறையைச் சேர்ந்தவரின் தலைமையில் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இந்தக் குழுக்கள் உயிரோடு இருக்கும் இடங்களில் அவற்றை முழுவேகத்தில் இயக்கலாம். பெயரளவில் இருக்கும் இடங்களில் தட்டி எழுப்பலாம். அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன்பே ஒரு கூட்டம் போடட்டும், அதை ஐ.டி.ஐ. முதல்வர் அறையில் நடத்தாமல் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் ஷெட்டில் நடத்தட்டும். ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவரும், பழைய மாணவர் ஒருவரும், ஒரு பெற்றோரும் அதில் உட்காரட்டும். விவாதப் பொருள் ஒன்றே ஒன்று போதும்: போன வருடம் இந்தப் பேட்டையில் எந்திரங்களை நிறுத்திய பழுதுகள் எவை, அவற்றில் எத்தனையை நம் மாணவர்கள் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்? அந்தப் பட்டியலை எழுதி முடித்துவிட்டு, 150 மணி நேரத்தில் எந்தப் பழுதை எந்த யூனிட்டில் யார் சொல்லித்தருவது என்று அங்கேயே பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளட்டும்.